பெட்டியில் தெரிவதும் புலத்தில் இருப்பதும்

என் மடிக்கணினியில் 'ஊர்ப்பெண்கள்' என்று பெயர் வைத்த ஒரு கோப்பு இருக்கிறது. நான்கு ஆண்டுகளாக அதில் எழுதி வருகிறேன். அம்மா பிறந்த ஊரிலும் அதைச் சுற்றியுள்ள தெருக்களிலும் இருக்கும் பெண்களிடம் பேசிக் குறித்துக்கொண்டவை. ஆய்வுப் பட்டத்துக்காகத் தொடங்கவில்லை. ஆச்சி இறந்தபோது அவர் பிறந்த ஊர் எது என்று வீட்டில் ஒருவருக்கும் சரியாகத் தெரியவில்லை. அந்த வெட்கத்தில் தொடங்கியது. இதுவரை 41 பேர்.

அந்தக் கோப்பு டிட்லிவிக்கி என்ற இலவச மென்பொருளில் இருக்கிறது. ஜெரமி ரஸ்டன் என்ற ஆங்கிலேயர் 2004இல் உருவாக்கியது. விக்கிப்பீடியாவைப் போல ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இணைப்புக் கொடுத்து எழுதலாம். ஆனால் தனி ஒருவருக்கானது. மொத்தமும் ஒரே ஒரு எச்.டி.எம்.எல். கோப்பு. பென்டிரைவில் போட்டு எங்கும் கொண்டுபோகலாம், இணையம் வேண்டாம். அதிலுள்ள ஒவ்வொரு குறிப்பையும் 'டிட்லர்' என்கிறார்கள். ஆங்கிலத்தில் பொடிமீன் என்று பொருள். நான் அட்டை என்றே சொல்கிறேன். ஒரு பெண்ணுக்கு ஓர் அட்டை. அட்டையின் உடலில் அவர் சொன்னது நீளமாக இருக்கும். கூடவே சிறு சிறு புலங்கள் உண்டு: பிறந்த ஊர், தொழில், மணநிலை, எத்தனை பிள்ளைகள், எந்த வகுப்பு வரை. நூலக அட்டையின் மேல்வரிகளைப் போல.

முதலில் இந்தப் புலங்களில் கையால்தான் தட்டச்சு செய்தேன். ஓர் அட்டையில் 'பீடி சுற்றுதல்', இன்னொன்றில் 'பீடித் தொழில்', மற்றொன்றில் 'பீடி'. ஓரிடத்தில் எழுத்துப்பிழையோடு 'பிடி'. பீடி சுற்றியவர்களை மட்டும் காட்டு என்று கேட்டால் பாதிப் பேர் வரமாட்டார்கள். கணினிக்குப் பொறுமை கிடையாது. ஒரு சுழி மாறினாலும் அது வேறு சொல். எனவே டிராப்டவுன் வைக்கக் கற்றுக்கொண்டேன். வங்கிப் படிவத்திலும் ரயில் முன்பதிவிலும் பார்த்திருப்பீர்கள், சொடுக்கினால் கீழே பட்டியல் விரியும் பெட்டி. டிட்லிவிக்கியில் அதற்கு 'செலக்ட் விட்ஜெட்' என்று பெயர். எந்த அட்டையின் எந்தப் புலத்தில் எழுத வேண்டும், விரியும் பட்டியலில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டால் போதும். தேர்ந்தெடுத்த நொடியில் அந்தச் சொல் புலத்தில் பதிந்துவிடும்.

இரண்டு இரவுகள் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினேன். அந்த வேலையில் ஒரு சுகம் இருந்தது, மறைக்க விரும்பவில்லை. அலமாரியை ஒழுங்குபடுத்தி முடித்தபின் வருமே, அந்தச் சுகம். 41 வாழ்க்கைகள் வரிசையாக, ஒரே மாதிரியான பெட்டிகளுடன், ஒரே மாதிரியான சொற்களுடன் நின்றன. மணநிலைக்கு நான் வைத்த பட்டியல் இது: மணமானவர், மணமாகாதவர், கணவரை இழந்தவர், பிரிந்து வாழ்பவர், மணவிலக்குப் பெற்றவர், கைவிடப்பட்டவர். முன்னிருப்பாக எது தெரிய வேண்டும் என்று ஒரு விவரம் கேட்டது. யோசிக்காமல் 'மணமானவர்' என்று கொடுத்தேன். பெரும்பாலானவர்களுக்கு அதுதானே என்ற நினைப்பு.

பல மாதங்கள் கழித்து ஒரு நாள் மணமான பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்க நினைத்தேன். விடை: பூஜ்யம்.

எதையோ அழித்துவிட்டேன் என்று பயந்து ஒவ்வொரு அட்டையாகத் திறந்தேன். பெட்டியில் 'மணமானவர்' என்றுதான் இருந்தது. பிறகு மணநிலைப் புலமே இல்லாத அட்டைகளைக் காட்டு என்று கேட்டபோது 29 அட்டைகள் வந்தன. அப்புறம்தான் புரிந்தது. முன்னிருப்பாகக் கொடுக்கும் சொல் பெட்டியில் தெரியும். ஆனால் புலத்தில் எழுதப்படாது. நாம் பட்டியலை விரித்து வேறொன்றுக்கு மாற்றினால்தான் எழுதப்படும். தெரிகிற சொல்லையே மறுபடி சொடுக்கினாலும் பயனில்லை, எதுவும் மாறவில்லை என்று அது பேசாமல் இருந்துவிடும்.

ஆக என் கோப்பில் பதிவாகியிருந்தவர்கள் 12 பேர். கணவரை இழந்தவர்கள், பிரிந்தவர்கள், மணம் செய்துகொள்ளாதவர்கள். வழக்கத்திலிருந்து விலகியவர்களை மட்டும் கோப்பு குறித்து வைத்திருந்தது. வழக்கப்படி இருந்தவர்களை அது குறிக்கவே இல்லை, குறிக்கத் தேவை என்றும் நினைக்கவில்லை. நம் ஊரில் வெள்ளைச் சேலையும் வெறும் நெற்றியும் செய்த வேலையை என் கணினியும் செய்து வைத்திருந்தது. அதைவிட மோசம் ஒன்று உண்டு. அந்த 29 பேரில் மணமானவர் யார், நான் கேட்கவே கேட்காதவர் யார் என்று பிரித்துச் சொல்ல எனக்கு இப்போது வழியில்லை. இரண்டு கூட்டமும் ஒரே முகத்தோடு திரையில் நின்றன.

தோழி ஒருத்தியிடம் இதைச் சொன்னபோது சிரித்தாள். "உன் சொந்த நோட்டு. வேற யாரு பாக்கப் போறா? தப்பா இருந்தா யாருக்கு நஷ்டம்?"

நியாயமான கேள்வி. அரசுப் பதிவேட்டில் ஒரு சொல் தவறாக விழுந்தால் உதவித்தொகை நிற்கும், வாக்குரிமை போகும். என் கோப்பில் 'மணமானவர்' என்று தெரிவதால் எந்தப் பெண்ணுக்கும் சோறு குறையவில்லை. ஒருவரைப் பற்றித் தனியாக, யாரும் பார்க்காத இடத்தில் தவறாக எழுதி வைப்பதில் குற்றம் என்ன? மனசுக்குள் நினைப்பதைப் போலத்தானே அது?

இந்தக் கேள்வியை நான் கொஞ்ச காலம் சுமந்துகொண்டிருந்தேன். விடை என்று ஒன்று வந்தது பெரியம்மாவின் அட்டையைத் திறந்தபோது. அவரும் அந்த 29 பேரில் ஒருவர்.

(பெரியம்மா என்று இங்கே எழுதுவது அவருடைய உறவுமுறையாக இருக்க வேண்டும் என்பதில்லை. எண்ணிக்கைகளையும் சிலவற்றையும் மாற்றியிருக்கிறேன். "புத்தகத்துல போடு, நாந்தான்னு தெரியாமப் போடு" என்பது அவர் கட்டளை.)

பெரியம்மா தன் கணவருடன் இல்லாமல் 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் பேசுவதில்லை. குடும்ப அட்டையில் கணவர் பெயர் வெகுநாள் இருந்தது. கல்யாணப் பத்திரிகைகளில் இருவர் பெயரும் சேர்ந்தே அச்சாகும். விசேஷ வீடுகளில் ஆரத்தி எடுக்க அவரைக் கூப்பிடுவார்கள், அவரும் போவார். இத்தனை நாள் நான் அவரிடம் பீடி சுற்றியதைப் பற்றிக் கேட்டேன், பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டேன், 1992 வெள்ளத்தைப் பற்றிக் கேட்டேன். மணவாழ்வைப் பற்றி ஒரு வரி கேட்கவில்லை. பெட்டியில் 'மணமானவர்' என்று தெரிந்துகொண்டே இருந்ததால் அங்கே ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது என்றே எனக்குத் தோன்றவில்லை. பெட்டி வெறுமையாக இருந்திருந்தால் முதல் மாதமே உறுத்தியிருக்கும்.

தோழிக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: அந்தப் பெட்டியால் நஷ்டப்பட்டது என் காது. குடும்பம் 20 ஆண்டுகளாகச் செய்துவந்ததை நான் என் தனிக் கோப்பில், யாரும் கேட்டுக்கொள்ளாமலே, செய்து வைத்திருந்தேன்.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது மடிக்கணினியை எடுத்துப் போனேன். பெரியம்மா திண்ணையில் சுளகை மடியில் வைத்து இலை வெட்டிக்கொண்டிருந்தார். இப்போது கண் சரியில்லை, முன்போல ஆயிரம் சுற்ற முடிவதில்லை; அக்கம்பக்கத்தாருக்கு இலை வெட்டிக் கொடுக்கிறார். அட்டையைக் காட்டி ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னேன்.

"அதுல என்னத்தப் போட்டிருக்க?"

"மணமானவர்னு இருக்கு, பெரியம்மா. நான் போடல. அதுவா வந்தது."

"அதுவா எப்படிட்டி வரும்?"

பதில் சொல்ல முடியவில்லை. நான் எழுதிய முன்னிருப்பு அது. 'அதுவா' என்று நான் சொன்னது பொய். பட்டியலை விரித்து ஒவ்வொன்றாக வாசித்தேன், எதைப் போடட்டும் என்று கேட்டேன். 'கைவிடப்பட்டவர்' வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"ஆபீஸ்ல இதத்தான் எழுதுனாவ. இப்படி எழுதுனாத்தான் துட்டு வரும்னாவ. சரின்னு கையெழுத்துப் போட்டேன்." கொஞ்ச நேரம் இலையை வெட்டினார். "ஆனா அவிய எங்க என்னை விட்டாவ? நாந்தான புள்ளையத் தூக்கிட்டு, ஒரு தவலைப் பானையை எடுத்துக்கிட்டு, விடிய முன்ன பஸ் ஏறுனேன்."

(கவனித்தீர்களா, விட்டு வந்த மனிதரைப் பற்றிப் பேசும்போதும் 'அவிய' என்ற மரியாதை. அதை விட்டு வர அவருக்கு இன்னும் பஸ் கிடைக்கவில்லை.)

தமிழ்நாட்டில் கணவரால் கைவிடப்பட்ட பெண்களுக்கான ஓய்வூதியத் திட்டம் உண்டு. மணவிலக்குப் பெற்றிருக்க வேண்டும், அல்லது கைவிடப்பட்டுக் குறைந்தது 5 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும், வயது 30க்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று விதிகள். பெரியம்மா போன்ற பல பெண்களுக்கு மாதாமாதம் அரிசியும் மருந்தும் வாங்கித் தருவது அந்தப் பணம்தான். அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்தத் திட்டத்தின் பெயரிலேயே ஓர் இலக்கணம் இருக்கிறது. கைவிடப்பட்ட: செயப்பாட்டுவினை. செய்தவர் ஒருவர், செய்யப்பட்டவள் இவள். விடிவதற்கு முன் பஸ் ஏறிய பெண்ணுக்கு அந்தப் படிவத்தில் வினை கிடையாது. உதவி வேண்டும் என்றால் அவள் தன் வாழ்க்கையிலேயே துணிச்சலான காரியத்தை அவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, தன்னைப் பொருளாக வைத்துக்கொள்ள வேண்டும்.

உற்சாகத்தில், "அப்ப 'விட்டு வந்தவர்'னு புதுசா ஒண்ணு சேத்துப் போட்டிரட்டுமா, பெரியம்மா?" என்றேன். பட்டியலில் ஒரு வரி சேர்க்க எனக்கு அரை நிமிடம் போதும். ஒரு பெண்ணுக்கு அவள் வினையைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன் என்ற பெருமிதம் வேறு.

அவர் முகம் மலர்ந்தது. "போடு" என்றார். உடனே, "வேண்டாம். நாளப்பின்ன எவனாவது பாத்து, இவளாத்தான் வந்திருக்கான்னு துட்ட நிப்பாட்டிட்டா? நீ தருவியா மாசாமாசம்?" என்றார்.

சட்டம் தெரிந்தவர்கள் அப்படியெல்லாம் நிறுத்த முடியாது என்று சொல்லலாம். அடியிலிருந்து தப்பி வந்தவளும் கைவிடப்பட்டவள்தான் என்று வாதாடலாம். அவருக்கு அந்த வாதம் தேவையில்லை. அவர் அறிந்தது ஒரு மேசை, ஒரு படிவம், ஒரு சொல். என் கோப்பு தனிப்பட்டது என்ற என் நம்பிக்கையும் அப்போதுதான் ஆட்டம் கண்டது. ஒரே கோப்பு, பென்டிரைவில் போட்டு எங்கும் கொண்டுபோகலாம் என்று மேலே பெருமையாக எழுதினேன். ஏற்கெனவே சித்தி மகனுக்கு ஒரு நகல் கொடுத்திருக்கிறேன். அவன் யாருக்குக் கொடுத்தானோ. ஒருத்தியைப் பற்றிய உண்மையை அவளுக்குப் பதில் நான் எழுதி வைத்தால், அதன் விலையைக் கொடுக்கப்போவது அவள்.

இப்படி யோசித்துப் பட்டியல்களின் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. கோபப்படக் காரணங்களும் குறைவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேலை செய்யாதவர் என்று குறிக்கப்பட்டவர்களை மேலும் பிரிக்க ஒரு கேள்வி இருந்தது: மாணவர், வீட்டுக் கடமைகள், பிறரைச் சார்ந்திருப்பவர், ஓய்வூதியர், வாடகை போன்ற வருமானத்தில் வாழ்பவர், பிச்சை எடுப்பவர், மற்றவர். விடியற்காலை நான்கு மணிக்கு எழும் பெண் இந்த வரிசையில் இரண்டாவதாக நிற்கிறாள். இதற்கு முந்தைய 2001 கணக்கெடுப்பு வீட்டுப் பெண்களைப் பிச்சைக்காரர்கள், பாலியல் தொழிலாளர்கள், கைதிகளோடு சேர்த்து உற்பத்தியில் ஈடுபடாதவர்களாக வைத்ததை உச்ச நீதிமன்றமே 2010இல் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் கண்டித்தது. நீதிபதி ஏ.கே. கங்குலி அந்தத் தீர்ப்பில் இதைத் தனியாக எடுத்துப் பேசினார். தேசிய மாதிரி ஆய்வின் வேலைவாய்ப்புக் கணக்கெடுப்புகளில் 92 என்றொரு எண் உண்டு: வீட்டு வேலைகளில் மட்டும் ஈடுபட்டிருப்பவர். அடுத்தது 93: வீட்டு வேலையோடு விறகு பொறுக்குவது, வீட்டுத் தேவைக்குத் தைப்பது, நெய்வது போன்றவற்றையும் செய்பவர். இரண்டு எண்ணும் தொழிலாளர் படைக்கு வெளியே.

பெரியம்மாவிடம் முதன்முதலில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டபோது, "வேலையா? சும்மா வீட்டுலதான் கெடந்தேன், பீடி சுத்திக்கிட்டு" என்றார். தினமும் ஆயிரம் பீடி. அதுவும் பக்கத்து வீட்டுக்காரியின் கார்டில். கம்பெனிக் கணக்கில் அந்தப் பீடிகளைச் சுற்றியவள் வேறொருத்தி. வீட்டிலிருந்து சுற்றுபவரும் தொழிலாளியே என்று 1966ஆம் ஆண்டு பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் சொல்லிவிட்டது. ஆனால் அதற்கும் முதலில் ஏதாவது ஒரு பட்டியலில் பெயர் வேண்டும். 'சும்மா' என்று அவர் சொல்லும்போது எதிரே படிவத்தோடு இருப்பவர் 92 என்று எழுதிவிட்டு எழுந்து போவது எவ்வளவு எளிது. நானும் என் டிராப்டவுனில் 'இல்லத்தரசி'யைத்தான் முதலில் தேர்ந்தெடுத்தேன், இரண்டாம் சந்திப்பில்தான் மாற்றினேன்.

கோபத்தில் எல்லா டிராப்டவுனையும் தூக்கிவிட்டு, அவரவர் சொன்ன சொல்லை அப்படியே எழுதும் வெறும் எழுத்துப்பெட்டியாக மாற்றினேன். அவரவர் வாழ்க்கைக்கு அவரவர் சொல். கேட்க அழகாக இருக்கிறது. மூன்று மாதம் தாக்குப்பிடித்தது. பீடித் தொழிலாளர்களைப் பற்றி ஒரு சங்கக் கூட்டத்தில் பேச அழைத்தார்கள். எத்தனை பேருக்குக் கார்டு இல்லை என்று கேட்டார்கள். என்னால் சொல்ல முடியவில்லை. 41 வாழ்க்கைகளும் 41 விதமான சொற்களில் மிக உண்மையாக, மிக அழகாக, கூட்ட முடியாதபடி கிடந்தன. வருத்தமான கதைகள் சொல்வதற்கு அங்கே யாரும் என்னைக் கூப்பிட்டிருக்கவில்லை. எண் கேட்டார்கள். எண்ணாக முடியாத துயரத்தை எந்த அலுவலகமும் வாங்கிக்கொள்வதில்லை என்பது அந்தப் பெண்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

2019இல் நடந்த நாடு தழுவிய நேரப் பயன்பாட்டு ஆய்வை நாம் இன்று மேடைக்கு மேடை சொல்கிறோம். வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். இந்த இரண்டு எண்களும் கிடைத்தது யாரோ சமைத்தல், துவைத்தல் என்று பட்டியல் போட்டு, நேரத்தை அரைமணி அரைமணியாக வெட்டி, அதில் பெண்களின் நாளைத் திணித்ததால்தான். 'கைவிடப்பட்டவர்' என்று ஒரு தெரிவு உண்டானதால்தான் பெரியம்மாவுக்குப் பணம் வருகிறது. 2011 கணக்கெடுப்பில்தான் 'பிரிந்து வாழ்பவர்' என்பது மணவிலக்குப் பெற்றவரிடமிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டது. அதற்குமுன் நீதிமன்றப் படி ஏறாத பெண்ணுக்குத் தனி இடம் இல்லை. பாலினம் என்ற இடத்தில் ஆண், பெண் தவிர மூன்றாவதாக ஓர் எண் கிடைத்ததும் அதே கணக்கெடுப்பில்தான். 'மற்றவர்' என்ற அந்தப் பெயர் வலித்தாலும், அதில் பதிவான நான்கு லட்சத்து எண்பதாயிரத்துக்கு மேற்பட்டோரை அதன்பின் இல்லை என்று சொல்வது கடினமாயிற்று. பட்டியலை வெறுப்பது, பட்டியலில் ஏற்கெனவே இடம் உள்ளவர்களுக்கு எளிது. என்னையே சொல்லிக்கொள்கிறேன்.

எனவே டிராப்டவுன் திரும்பி வந்தது, சில மாற்றங்களோடு. பட்டியலை நான் முன்கூட்டி எழுதி வைப்பதில்லை. புலங்களில் இதுவரை பதிவாகியுள்ள சொற்களைத் தானே திரட்டி விரித்துக் காட்டும்படி டிட்லிவிக்கியில் செய்யலாம், அப்படிச் செய்தேன். பக்கத்தில் ஓர் எழுத்துப்பெட்டி. ஒருவர் புதிதாக ஒரு சொல் சொன்னால் அதில் எழுதுகிறேன், அடுத்தவருக்குப் பட்டியல் விரியும்போது அந்தச் சொல்லும் இருக்கும். ஒரு பெண் சொன்ன 'ஒத்தையில இருக்கேன்' இப்படி வந்து சேர்ந்ததுதான். அதன்பின் இரண்டு பேர் அதைக் கேட்டதும், "ஆங், அதுதான்" என்றார்கள். முன்னிருப்பை எடுத்துவிட்டேன். இப்போது புலம் காலியாக இருந்தால் பெட்டியும் காலியாக இருக்கும். தவிர இன்னொரு சிறு புலம்: 'யார் சொன்னது'. அவரே சொன்னாரா, மகள் சொன்னாளா, நான் ஊகித்தேனா.

இதிலும் ஓட்டை உண்டு. 'விதவை' என்ற சொல்லை எடுத்துவிட்டுக் 'கணவரை இழந்தவர்' என்று வைத்த காலத்தில், பழைய அட்டைகளில் பெட்டி வெறுமையாகத் தெரிந்தது. புலத்தைத் திறந்து பார்த்தால் 'விதவை' அப்படியே இருந்தது. பட்டியலிலிருந்து ஒரு சொல்லை நீக்கினால் அது கண்ணிலிருந்து மறைகிறதே தவிர எழுதிய இடத்திலிருந்து போவதில்லை. பெரிய இடங்களிலும் இதுதான் கதை. 2014இல் ஃபேஸ்புக் பாலினத்துக்கு ஐம்பதுக்கு மேற்பட்ட தெரிவுகளைக் கொடுத்தபோது உலகமே பாராட்டியது. ரீனா பிவென்ஸ் என்ற ஆய்வாளர் அதன் உள்ளே போய்ப் பார்த்தபோது, தரவுத்தளத்தின் ஆழத்தில் பயனர்கள் ஆண், பெண், வரையறுக்கப்படாதவர் என்றே சேமிக்கப்பட்டிருந்தார்கள். திரையில் ஐம்பது, அடியில் மூன்று. விளம்பரதாரருக்குத் தேவைப்பட்டது அடியில் இருந்ததுதான்.

பெரியம்மாவின் பெட்டி மட்டும் காலியாகவே இருந்தது. அவர் வேண்டாம் என்றபின் நான் எதையும் எழுதவில்லை. காலியாக இருப்பது சரியா என்றும் தெரியவில்லை. கேட்காததால் காலி, கேட்டுச் சொல்ல மறுத்ததால் காலி, சொன்னதை எழுத அஞ்சியதால் காலி, மூன்றும் திரையில் ஒன்றுபோலவே தெரிகின்றன. 'யார் சொன்னது' புலத்தில் 'கேட்டேன்' என்று மட்டும் எழுதி வைத்தேன்.

மார்கழிக் கடைசியில் போனபோது அவரே கேட்டார். "அந்தப் பொட்டியைத் தொற, பாப்போம்."

திறந்து பெட்டியை விரித்தேன். பட்டியல் இப்போது நீளமாக இருந்தது. மற்ற பெண்களின் சொற்களை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லிக் கேட்டார். 'ஒத்தையில இருக்கேன்' யார் சொன்னது என்று தெரிந்துகொள்ள ரொம்ப முயன்றார், நான் சொல்லவில்லை. அவர் ஒருமுறை சொன்ன 'விட்டு வந்தவர்' அதில் இல்லை, எந்தப் புலத்திலும் அது பதிவாகவில்லையே. அதை எழுத்துப்பெட்டியில் அடிக்கட்டுமா என்று நான் கேட்கவில்லை. இந்த முறை வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

"இத நாளைக்கு மாத்தலாமா?"

"எப்ப வேணாலும் மாத்தலாம், பெரியம்மா."

"அப்ப மணமானவர்னு போடு."

நான் அவரைப் பார்த்தேன்.

"என்ன பாக்க? தையில புள்ளைக்குக் கல்யாணம் வச்சிருக்கு. நான் பந்தல்ல முன்ன நின்னு தாலியத் தொட்டுக் கும்பிட்டுக் குடுக்கணும். அதுக்கு எவளும் ஒரு சொல்லு சொல்லப்பிடாது. போடு."

அது என் கோப்பு, அந்தப் பந்தலில் யாரும் அதைத் திறந்து பார்க்கப்போவதில்லை. அதைச் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டேன். விரலை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டினேன். கையில் பீடித்தூள் இருக்கிறதென்று முந்தானையில் துடைத்துவிட்டு அவரே சொடுக்கினார். பெட்டியில் 'மணமானவர்' என்று வந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் இருந்த திரைக்கும் இந்தத் திரைக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. புலத்தைத் திறந்து பார்த்தேன், எழுதியிருந்தது. 'யார் சொன்னது' என்பதில் 'அவரே' என்று மாற்றிக் கோப்பைச் சேமித்தேன்.

"தை முடிஞ்சதும் கொண்டா" என்று சொல்லிவிட்டுச் சுளகை மடிக்கு இழுத்துக்கொண்டார்.